ஐஜிஏ இல்லாத என் மகள்: நாங்கள் கற்றுக்கொண்டவை

என் மகளின் உடல் ஐஜிஏ என்ற எதிர்ப்பொருளை (ஆன்டிபாடியை) உண்டாக்குவதில்லை. 'செலக்டிவ் ஐஜிஏ குறைபாடு' என்று அவளுடைய மருத்துவக் கோப்பின் முதல் தாளில் எழுதியிருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மற்ற பிள்ளைகளோடு ஓடுகிறாள், மழையில் நனைகிறாள், சாளைப் புளிமுளம் வைத்தால் இன்னொரு தவி சோறு கேட்கிறாள். ஆனால் இந்த நிலைக்கு வந்து சேர்ந்த வழி லேசானதாக இருக்கவில்லை. குடலைப் பற்றியும் அதில் குடியிருக்கும் பாக்டீரியாக்களைப் பற்றியும் அந்த வழியில் தெரிந்துகொண்டதை, இதே நிலையில் தவிக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன். நான் குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. மருத்துவம் படித்தவள் அல்ல. மருந்து சம்பந்தமாக நான் சொல்லும் எதையும் உங்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே செய்யுங்கள்.

எதிர்ப்பொருள் என்றதும் பெரும்பாலானோர் மனதில் வருவது இரத்தத்தில் சுற்றும் ஐஜிஜிதான். நோய் வந்தால் சண்டை போடும், தடுப்பூசி போட்டால் பெருகும். ஐஜிஏ அதிலிருந்து வேறுபட்டது. அதன் வேலையிடம் குடல், மூக்கு, தொண்டை, நுரையீரல் ஆகியவற்றின் ஈரமான உட்பரப்பு. கண்ணீரிலும் எச்சிலிலும் தாய்ப்பாலிலும் அது இருக்கிறது. வளர்ந்த ஒரு மனிதரின் குடலுக்குள் ஒரு நாளில் 3 முதல் 5 கிராம் வரை ஐஜிஏ சுரக்கிறது. உடல் உண்டாக்கும் மற்ற எல்லா வகை எதிர்ப்பொருள்களையும் சேர்த்தாலும் இந்த அளவுக்கு வராது. எதிர்ப்பொருள் உண்டாக்கும் பிளாஸ்மா செல்களில் ஏறத்தாழ 80 சதவீதம் குடல் சுவரில்தான் இருக்கின்றன. தினமும் இவ்வளவு புரதத்தைச் செலவழித்து உடல் ஒரு பொருளைச் செய்கிறது என்றால், எப்போதாவது வரும் காலராவுக்காகவும் டைஃபாய்டுக்காகவும் மட்டும் அது இருக்க முடியாது. அன்றாடம் அங்கே நடக்கும் வேறு ஏதோ வேலை இருக்க வேண்டும். அந்த வேலை என்ன என்பது எனக்குப் புரியத் தொடங்கியபோதுதான், மகளை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதும் புரியத் தொடங்கியது.

இரண்டு வயது தாண்டும் வரை அவள் தாய்ப்பால் குடித்தாள். அதுவரை பெரிய சுகக்கேடு ஒன்றும் வந்ததில்லை. பால் நிறுத்திய பிறகு காதுவலி, மூக்கடைப்பு, வயிற்றால் போவது என்று மாற்றி மாற்றி வந்தது. பால் நிறுத்தியதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று என்னால் நிரூபிக்க முடியாது. அந்த வயதில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி வருவது உண்டு. எங்கள் மாமிதான், "இந்தப் பிள்ளைக்குத் தீனம் மாறவே மாட்டேங்குதே மக்களே, இது சாதாரணமில்லை கேட்டியா" என்று முதலில் சொன்னவர். ஐந்து பிள்ளைகளை வளர்த்தவரின் கண்ணுக்குத் தெரிந்ததை நான் இப்போதும் மதிக்கிறேன்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது அவள் ஒன்றாம் வகுப்பில் இருந்தாள். எங்கள் விளையில் (தோட்டத்தில்) ரப்பர் மரங்கள் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்து பல நாட்கள் கரண்ட் இல்லை. மோட்டார் ஓடாததால் கிணற்றில் வாளி போட்டுத்தான் வெள்ளம் கோரினோம் (எங்கள் பக்கத்தில் தண்ணீரை வெள்ளம் என்போம்). சுற்றுப்புறத்து அழுக்கெல்லாம் மழைநீரோடு கிணற்றில் இறங்கியிருந்தது. பிளீச்சிங் பவுடர் போட்டோம். அதற்குப் பிறகு வீட்டில் எல்லோருக்கும் வயிறு கலங்கியது. மற்றவர்களுக்குச் சில நாட்களில் சரியாகிவிட்டது. அவளுக்கு மட்டும் நிற்கவில்லை. எண்ணெய் மிதப்பதுபோல் மலம், கடும் நாற்றம், ஊதிய வயிறு, இறங்கிக்கொண்டே போன எடை. மலப் பரிசோதனையில் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி தெரிந்தது. மருந்து கொடுத்தால் குறையும், சில வாரத்தில் திரும்ப வரும். இடையில் சளி, காய்ச்சல் என்று போனால் அதற்குத் தனியாக ஓர் ஆன்டிபயாடிக். ஓர் இடத்தில் எழுதிய மருந்து முடிவதற்குள் இன்னோர் இடத்தில் வேறொன்று எழுதினார்கள்.

எடை ஏறவில்லை என்பதால் சீலியாக் நோயாக இருக்குமோ என்று ஒரு மருத்துவர் சந்தேகப்பட்டார். கோதுமையில் உள்ள குளூட்டனுக்கு எதிராக உடல் தன் குடலையே தாக்கும் நோய் அது. இரத்தப் பரிசோதனை 'நெகட்டிவ்' என்று வந்தது. நிம்மதியாகத் திரும்பினோம். பிறகு திருவனந்தபுரத்தில் குழந்தைகளின் குடல்நோய்களுக்கான ஒரு மருத்துவரைப் பார்த்தபோது அவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "மொத்த ஐஜிஏ எவ்வளவு? அது எங்கே?" என்று கேட்டார். மலையாளத்தில் பொறுமையாக விளக்கினார். சீலியாக்கைக் கண்டுபிடிக்க வழக்கமாகச் செய்யும் சோதனை, ஐஜிஏ வகை எதிர்ப்பொருள் இருக்கிறதா என்றுதான் தேடுகிறது. ஐஜிஏவே இல்லாத உடலில் அது எப்போதும் 'இல்லை' என்றுதான் வரும். நோய் இருந்தாலும் அப்படித்தான் வரும்.

மொத்த அளவு பார்த்தோம். ஒரு டெசிலிட்டருக்கு 7 மில்லிகிராமுக்கும் கீழே. ஐஜிஜியும், ஐஜிஎம் என்ற இன்னொரு வகை எதிர்ப்பொருளும் இயல்பான அளவில் இருந்தன. நான்கு வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்கு இப்படி இருந்து, வேறு காரணம் எதுவும் இல்லையென்றால் அதுதான் இந்தக் குறைபாடு. நான்கு வயதுக்குள் முடிவு சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் சிறு குழந்தைகளுக்கு ஐஜிஏ மெதுவாகத்தான் கூடும். ஃபெனிட்டாயின் முதலிய சில வலிப்பு மருந்துகளாலும் ஐஜிஏ குறையலாம், அதனால் குழந்தை என்ன மருந்து சாப்பிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். சீலியாக்குக்கு ஐஜிஜி வகைச் சோதனை தனியாகச் செய்தார்கள். அது இல்லை என்று உறுதியானது. உங்கள் பிள்ளைக்குச் சீலியாக் சோதனை எழுதினால், கூடவே மொத்த ஐஜிஏவும் பார்க்கச் சொல்லுங்கள். இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் அது இதுவாக இருக்கட்டும்.

அன்றிரவு பேருந்தில் களியக்காவிளை தாண்டி வரும்போது என் மனதில் இருந்தது ஒரே கேள்வி. குடலில் காவல் இல்லையென்றால் உள்ளே இருக்கும் கோடானுகோடி பாக்டீரியாக்கள் என்ன செய்யும்? அதன்பின் கிடைத்த நேரமெல்லாம் படித்தேன்.

நம் குடலின் உட்சுவரில் ஆங்காங்கே சிறு திட்டுகள் உண்டு. 1677-இல் அவற்றை விவரித்த சுவிட்சர்லாந்து மருத்துவர் பேயரின் பெயரால் அவற்றைப் பேயர் திட்டுகள் என்று சொல்கிறோம். குடலில் என்னென்ன பாக்டீரியா இருக்கின்றன என்பதன் மாதிரிகள் அங்கே வந்து சேர்கின்றன. அங்கே பயிற்சி பெற்ற பி செல்கள் (எதிர்ப்பொருள் செய்யும் வெள்ளணுக்கள்) குடல் சுவரில் போய்த் தங்கி ஐஜிஏ செய்கின்றன. இரண்டு ஐஜிஏ மூலக்கூறுகள் ஒரு சிறு புரதத்தால் இணைந்து, குடல் செல்லின் அடிப்பக்கம் உள்ள ஓர் ஏற்பியைப் பிடித்துக்கொள்கின்றன. அந்த ஏற்பி அவற்றைச் செல்லுக்குள் சுமந்துகொண்டு போய் மறுபக்கம், குடலின் உள்வெளியில் விடுகிறது. விடும்போது தன்னில் ஒரு துண்டையும் சேர்த்தே விட்டுவிடுகிறது. அந்தத் துண்டு இருப்பதால்தான் செரிமான நொதிகள் ஐஜிஏவை எளிதில் வெட்டிப்போட முடிவதில்லை. இதைப் பாடமாக நடத்தும்போது பிள்ளைகள் ஒருபோதும் கொட்டாவி விட்டதில்லை.

வெளியே வந்த ஐஜிஏ என்ன செய்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 2017-இல் சூரிச்சில் நடந்த ஓர் ஆய்வு சால்மோனெல்லாவை எடுத்துக்கொண்டது. தடுப்பு மருந்து கொடுத்த சுண்டெலிகளின் குடலில், ஒரு பாக்டீரியா இரண்டாகப் பிரியும்போது ஐஜிஏ அந்த இரண்டையும் பிரிய விடாமல் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. அவை மீண்டும் பிரிய, மீண்டும் பிடிக்க, கடைசியில் ஒரு கொத்தாகி மலத்தோடு வெளியேறுகின்றன. கொல்வது இல்லை, சுவரை எட்ட விடாமல் கூட்டிக் கட்டி அனுப்புவதுதான் நடக்கிறது. 2018-இல் கலிஃபோர்னியாவின் கால்டெக்கில் நடந்த ஆய்வு இதற்கு நேர்மாறான ஒன்றைக் காட்டியது. பாக்டீராய்டஸ் ஃபிராஜிலிஸ் என்பது பெரும்பாலோர் குடலில் அமைதியாக வாழும் பாக்டீரியா. அது தன் மேலுறையை மாற்றிக்கொண்டு ஐஜிஏ தன்மேல் ஒட்டும்படி செய்கிறது. ஒட்டிய பிறகுதான் சுவரையொட்டிய சளிப்படலத்தில் அதனால் உறுதியாகத் தங்க முடிகிறது. ஐஜிஏ இல்லாத சுண்டெலிகளில் அந்த இடத்தை அதனால் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை.

சின்னமுட்டம் துறைமுகத்தில் நின்றவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஒரே வடம்தான் ஒரு படகைக் கரையோடு சேர்த்துக் கட்டுகிறது, இன்னொரு படகைக் கடலுக்கு இழுத்தும் போகிறது. எதை எங்கே கட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. ஐஜிஏவை வெறும் ஆயுதமாக மட்டும் பார்த்தால் இதில் பாதி விட்டுப்போகும். யார் சுவரையொட்டித் தங்க வேண்டும், யார் நடுவில் ஓடிப் போக வேண்டும் என்பதைத் தினமும் தீர்மானிக்கும் வேலையில் அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது. நல்ல பாக்டீரியா தங்குவதற்கும் எதிர்ப்பொருள் வேண்டும் என்பதை ஜீரணிக்க எனக்குச் சில காலம் பிடித்தது.

அப்படியானால் ஐஜிஏ இல்லாதவர்கள் என்ன ஆவார்கள்? பயந்துகொண்டேதான் இதைத் தேடினேன். ஐரோப்பியரில் சுமார் 600 பேரில் ஒருவருக்கு இந்தக் குறைபாடு இருக்கிறது. ஜப்பானில் மிகவும் அபூர்வம். இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. வாழ்நாள் முழுவதும் நன்றாகவே இருக்கிறார்கள். காரணம் ஐஜிஎம். ஐஜிஏவைச் சுமக்கும் அதே ஏற்பி ஐஜிஎம்மையும் சுமந்து குடலுக்குள் விடும். 2018-இல் பிரான்சில் இந்தக் குறைபாடு உள்ளவர்களின் குடல் பாக்டீரியாவை ஆராய்ந்தார்கள். பாக்டீரியாக்களின் சமூகம் தலைகீழாகக் குலையவில்லை. ஐஜிஎம் பல பாக்டீரியாக்களின்மேல் போய் ஒட்டியிருந்தது. ஆனால் ஐஜிஏவின் இடத்தை அதனால் முழுமையாக நிரப்ப முடியவில்லை. சில நல்ல வகைகள் குறைந்தும், வழக்கமாகக் குடலில் அதிகம் இல்லாத சில வகைகள் கூடியும் இருந்தன. இதைப் படித்த அன்று எனக்குக் கிடைத்த தெளிவு இதுதான்: மகளின் குடலில் இருப்பது நிற்கக்கூடிய ஏற்பாடு, ஆனால் மற்றவர்களுடையதைவிடத் தாங்கும் வலு சற்றுக் குறைந்தது. ஆகவே அதைத் தேவையில்லாமல் அசைக்கக் கூடாது.

அசைப்பதில் முதலிடம் ஆன்டிபயாடிக்குக்கு. ஐஜிஏவை வெளியிலிருந்து ஏற்றும் சிகிச்சை கிடையாது. ஊசியாகக் கிடைக்கும் இம்யூனோகுளோபுலின் பெரும்பாலும் ஐஜிஜிதான், அது குடலுக்குள் ஐஜிஏவின் வேலையைச் செய்யாது. எனவே இருக்கும் பாக்டீரியாக்களைக் காப்பதுதான் நம் கையில் உள்ளது. எங்கள் பக்கத்தில் சந்திக்குச் சந்தி மருந்துக் கடை. "பிள்ளைக்குச் சளி, ஒரு குப்பி தாருங்க" என்று சொன்னால் அமாக்சிசிலின் கையில் வந்துவிடும். இது மாற வேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன். மாத்திரை அட்டையின் பின்பக்கம் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கக்கூடாத மருந்து. 2016 முதல் மத்திய அரசு இதைப் பிரச்சாரம் செய்கிறது. எங்கள் வீட்டில் மாமி உட்பட எல்லோருக்கும் இந்தக் கோடு தெரியும்.

மருத்துவரிடம் போனால் நான் கேட்பது மூன்று. இது வைரஸா பாக்டீரியாவா என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தால் ஆபத்து உண்டா? கல்ச்சர் (எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுத்துவிட்டு மருந்தைத் தேர்வு செய்ய முடியுமா? சில மருத்துவர்கள் முகம் சுளித்தார்கள். நல்ல மருத்துவர்கள் உட்கார்ந்து பதில் சொன்னார்கள், அவர்களிடமே தொடர்கிறோம். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆன்டிபயாடிக்கே வேண்டாம் என்று நிற்பதும் இந்தக் குழந்தைகளுக்கு ஆபத்து. ஐஜிஏ இல்லாதவர்களுக்கு நிமோனியாவும் சைனஸ் தொற்றும் அடிக்கடி வரலாம். என் மகளுக்கு ஒருமுறை நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கியபோது தாமதிக்காமல் சேர்த்தோம், முழு மருந்தும் கொடுத்தோம். தேவையான இடத்தில் முழுமையாக, தேவையில்லாத இடத்தில் துளியும் இல்லாமல். அவ்வளவுதான்.

வயிற்றால் போகும்போது ஓஆர்எஸ்தான் முதல் மருந்து. ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் வெள்ளத்தில்தான் கலக்க வேண்டும், பாதிப் பொட்டலத்தை டம்ளரில் கலக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் துத்தநாகம் (ஜிங்க்) 10 முதல் 14 நாள் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுப்போக்கு நின்றதும் துத்தநாகத்தை நிறுத்திவிடுபவர்கள் அதிகம். சொன்ன நாள்வரை கொடுங்கள்.

'நல்ல பாக்டீரியா' மாத்திரைகளைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து எழுதிக்கொடுப்பதும் வழக்கமாகிவிட்டது. 2018-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் செய்த ஓர் ஆய்வில், ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு இந்த மாத்திரைகளை எடுத்துக்கொண்டவர்களுக்கு அவர்களுடைய சொந்தப் பாக்டீரியாக்கள் திரும்பி வருவது, ஒன்றும் எடுக்காதவர்களைவிடத் தாமதமானது. சில நோய்களில் இவற்றுக்குப் பயன் உண்டு, மருத்துவர் குறிப்பாகச் சொன்னால் கொடுக்கிறோம். நாமாக வாங்கிக் கொடுப்பதில்லை. தங்குவதற்கு இடமும் உணவும் இல்லாமல் புதிதாகக் கோடிக்கணக்கில் கொட்டி என்ன பயன் என்பது என் எண்ணம்.

இனி உணவு. இதில்தான் நம் மாவட்டம் கொடுத்து வைத்தது.

மலாவி நாட்டு இரட்டைக் குழந்தைகளை வைத்து அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி கார்டனின் குழு 2015-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு என்னை மிகவும் பாதித்தது. ஊட்டம் குறைந்த குழந்தைகளின் மலத்திலிருந்து, ஐஜிஏ ஒட்டியிருந்த பாக்டீரியாக்களை மட்டும் பிரித்தெடுத்துச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தார்கள். ஊட்டமில்லாத உணவு தின்ற எலிகளின் குடல் சுவர் கெட்டு, எடை சரிந்தது. நல்ல உணவு தின்றவற்றுக்கு அப்படி ஆகவில்லை. ஆரோக்கியமான குழந்தையின் குடலில் ஐஜிஏ ஒட்டியிருந்த இரண்டு பாக்டீரியாக்களைக் கூடவே கொடுத்தபோதும் அந்தக் கேடு தடுக்கப்பட்டது. எதிர்ப்பொருள், பாக்டீரியா, உணவு மூன்றும் சேர்ந்துதான் குடலின் நிலையை உண்டாக்குகின்றன. மூன்றில் ஒன்று என் மகளுக்கு இல்லை. இன்னொன்றை அசைக்காமல் வைத்திருக்க முயல்கிறோம். மூன்றாவது முழுக்க எங்கள் அடுக்களையில் இருக்கிறது.

இங்கே குழந்தைக்கு முதல் உணவாக ஏத்தங்காயை (நேந்திரங்காயை)ச் சீவி வெயிலில் உலர்த்திப் பொடித்து, கருப்பட்டி போட்டுக் குறுக்கிக் கொடுப்பது பழைய வழக்கம். பச்சை வாழைக்காயில் சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்து நிறைய இருக்கிறது. அது அப்படியே பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. அவை அதைப் புளிக்கவைத்து பியூட்ரேட் முதலிய சிறு அமிலங்களை வெளியிடுகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கியமான எரிபொருள் அந்தப் பியூட்ரேட்தான். 2001-இல் வங்கதேசத்தில், நீண்ட நாள் வயிற்றுப்போக்கு இருந்த குழந்தைகளுக்கு அரிசி உணவோடு வேகவைத்த பச்சை வாழைக்காய் சேர்த்துக் கொடுத்தபோது விரைவில் குணம் தெரிந்தது. பிறகு கார்டன் குழுவும் டாக்காவின் ஆராய்ச்சி மையமும் சேர்ந்து ஊட்டம் குறைந்த குழந்தைகளுக்காக ஓர் உணவை வடிவமைத்தன. குடல் பாக்டீரியாவைச் சீர்படுத்துவதே அதன் நோக்கம். கொண்டைக்கடலை, சோயா, நிலக்கடலை, பச்சை வாழைக்காய் அதன் முக்கியப் பொருள்கள். 2021-இல் வந்த முடிவில், வழக்கமான சத்துணவைவிடக் கலோரி குறைவாக இருந்தும் அந்த உணவைச் சாப்பிட்ட குழந்தைகள் கூடுதலாக எடை ஏறினார்கள். டாக்காவில் அளந்து நிறுத்திக் கொடுத்ததில் ஒரு பகுதி எங்கள் அம்மை முற்றத்தில் ஓலைப்பாயில் உலர்த்தியதுதான் என்று படித்தபோது என் கண் நிறைந்தது.

ஜியார்டியா ஒழிந்த பிறகு மகளுக்கு நாங்கள் செய்தது இது. வாரத்தில் பல நாள் ஏத்தங்காய், வேகவைத்தோ துவரனாகவோ. சம்பா அரிசிக் கஞ்சியும் சிறுபயறும். காலையில் பழஞ்சி (பழைய சோறு), அதில் மோரும் சின்ன உள்ளியும். சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காத வகையாக மாறுகிறது, இரவு முழுக்க வெள்ளத்தில் கிடக்கும்போது லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் பெருகுகின்றன. மரச்சீனி (மரவள்ளி), சேனை, முருங்கைக்கீரை, பலாக்கொட்டை எதுவும் விலக்கில்லை. மட்டிப்பழம் அவளுக்கு உயிர், அதற்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை வகுப்பில் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தாள். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். நார் பழகாத குடலில் வாயு சேரும், வயிறு வலிக்கும். நாங்கள் ஒவ்வொன்றாகச் சேர்த்தோம், ஒத்துக்கொண்டதைப் பார்த்துப் பையக் கூட்டினோம். வயிறு கலங்கியிருக்கும் நாட்களில் பழஞ்சி கொடுப்பதில்லை. சுத்தமில்லாத வெள்ளத்தில் போட்ட பழஞ்சி இந்தக் குழந்தைகளுக்கு நல்லதல்ல.

வெள்ளம் என்றதும் ஜியார்டியாவைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். குடலில் அதை விரட்டுவதில் ஐஜிஏவுக்குப் பங்கு உண்டு, அதனால்தான் இந்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது திரும்பத் திரும்ப வருகிறது. அதன் கூடுகள் வழக்கமான அளவு குளோரினுக்கு எளிதில் சாகாது. எனவே கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டோம் என்று அமைதியாக இருக்க முடியாது. கொதிக்க வைத்தால் செத்துவிடும், தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தாலே போதும். எங்கள் வீட்டில் குடிக்கவும் பழஞ்சியில் ஊற்றவும் பல் தேய்த்து வாய் கொப்பளிக்கவும் கொதித்து ஆறிய வெள்ளம்தான். பள்ளிக்கும் வீட்டுக் குப்பிதான் போகிறது. கோயில் திருவிழாவிலும் சர்ச் பெருநாளிலும் தரும் பானகத்தையும் சர்பத்தையும் அவள் தானே வேண்டாம் என்று சொல்லப் பழகிவிட்டாள். மருந்து முடிந்த பிறகு மீண்டும் மலப் பரிசோதனை செய்யாமல் 'சரியாகிவிட்டது' என்று விடாதீர்கள். வீட்டில் மற்றவர்களையும் ஒருமுறை பார்க்கச் சொன்னார் மருத்துவர். அறிகுறி இல்லாமலே ஒருவரிடம் அது இருக்கலாம்.

அவளுக்குப் பிறகு மகன் பிறந்தான். அப்போது இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. பிறந்த குழந்தையால் ஐஜிஏவைச் சொந்தமாகச் செய்ய முடியாது, சில வாரங்களுக்குப் பிறகே மெல்லத் தொடங்கும். அதுவரை குடலில் இருப்பது தாயிடமிருந்து பாலில் வருவதுதான். சீம்பாலில் அது மிக அடர்த்தியாக இருக்கிறது. தாயின் குடலில் பயிற்சி பெற்ற செல்களே மார்புக்கு வந்து அந்த ஐஜிஏவைச் செய்கின்றன. அதனால் அந்த வீட்டில், அந்த வெள்ளத்தில், அந்தச் சாப்பாட்டில் என்ன பாக்டீரியா இருக்கிறதோ அதற்கேற்ற எதிர்ப்பொருளே பாலில் வருகிறது. எந்தப் பால்மாவுக்கும் இது வாய்க்காது. 2014-இல் அமெரிக்காவின் கெண்டக்கியில் செய்த ஆய்வில், தாய்ப்பாலில் ஐஜிஏ கிடைக்காத சுண்டெலிக் குட்டிகளின் குடல் பாக்டீரியா வளர்ந்த பிறகும் வேறுபட்டே இருந்தது. தொடக்கத்தில் யார் குடியேறுகிறார்கள் என்பதன் தடம் நெடுநாள் நிற்கிறது.

மகன் பிறந்த அன்று மாமி சங்கை எடுத்துக்கொண்டு வந்து, "இத்திரி சீனி வெள்ளம் நாக்கில தொட்டு வச்சா என்னவாக்கும்? நாங்க எல்லாருக்கும் வச்சதுதானே" என்றார். அவர் மனம் நோகக் கூடாது என்பது எனக்கு முக்கியம். "மாமி, முதல்ல அவன் வயித்துல போறது பாலா இருக்கட்டும். பேத்திக்கு இல்லாதது இந்தப் பால்லதான் இருக்கு" என்று சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சங்கை அலமாரியில் வைத்துவிட்டு, பார்க்க வந்தவர்கள் தேன், வயம்பு என்று ஆரம்பித்தபோது "ஒண்ணும் வேண்டாம், பிள்ளைக்குப் பால் மட்டும் மதி" என்று அவரே காவல் நின்றார். ஆறு மாதம் பால் மட்டும், பிறகு ஏத்தங்காய்க் குறுக்கோடு இரண்டு வயது தாண்டியும் பால். அவனுக்கு நான்கு வயது முடிந்ததும் ஐஜிஏ பார்த்தோம், இயல்பாக இருந்தது.

மகளின் பையில் எப்போதும் ஓர் அட்டை இருக்கும். பெயர், இரத்த வகை, 'ஐஜிஏ இல்லை' என்ற வரி, மருத்துவரின் எண். விபத்திலோ அறுவை சிகிச்சையிலோ இரத்தம் ஏற்ற வேண்டிவந்தால் இதைச் சொல்லியாக வேண்டும். ஐஜிஏவே இல்லாத உடல் சிலருக்கு அதையே அந்நியமாக எண்ணி அதற்கு எதிராக எதிர்ப்பொருள் செய்து வைத்திருக்கும். அப்படிப்பட்டவர்களுக்குச் சாதாரண இரத்தம் ஏற்றினால் கடும் ஒவ்வாமை வரலாம். மிக அபூர்வம்தான், ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து. தெரிந்திருந்தால் கழுவிய சிவப்பணுக்கள் கொடுக்க முடியும். அட்டையை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதுங்கள். எங்கள் பக்கத்தவர்கள் அவசரத்துக்குத் திருவனந்தபுரம் ஓடுவதால் நாங்கள் மலையாளத்திலும் எழுதி வைத்திருக்கிறோம். ஆண்டுக்கு ஒருமுறை ஐஜிஜி, ஐஜிஎம் அளவும் தைராய்டும் பார்க்கிறோம். சிலருக்கு நாளடைவில் மற்ற எதிர்ப்பொருள்களும் குறையலாம், தைராய்டு கோளாறும் இவர்களிடம் சற்று அதிகம்.

உறவினர் அடிக்கடி கேட்பது வேறு. போன ஓணத்துக்கு வந்திருந்த சித்தி அடுக்களையில் என்னைத் தனியாக இழுத்து, "நாளைக்கு இவளுக்கு ஒரு கல்யாணம்னு வரும்போ இதைச் சொல்லணுமா மக்களே? இது பிள்ளைகளுக்கும் வருமா?" என்று கேட்டார். சில குடும்பங்களில் தொடர்ந்து வருவது உண்டு, பலருக்குக் குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாமலே வரும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பார்த்தோம், அவளுக்கு மட்டும்தான். சொல்லத்தான் வேண்டும், மறைக்க இதில் ஒன்றும் இல்லை என்றேன். இதே கேள்வியை வேறு விதமாக, "என் பால்லயும் இது இருக்காதா அம்மா?" என்று மகள் ஒருமுறை கேட்டிருந்தாள். அவளை அழைத்துக்கொண்டு போய் மருத்துவரிடமே கேட்க வைத்தேன். ஐஜிஏ இல்லாத தாய்மாரின் பாலில் ஐஜிஎம் கூடுதலாகச் சுரப்பதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. பாலில் உள்ள சர்க்கரை வகைகள் குழந்தையின் குடலில் பிஃபிடோ பாக்டீரியாவை வளர்ப்பதும் நிற்காது. ஆகவே தாராளமாகப் பால் கொடுக்கலாம், குழந்தைக்கு நான்கு வயது முடிந்ததும் ஒருமுறை ஐஜிஏ பார்த்தால் போதும் என்று அவர் அவளிடமே நேராகச் சொன்னார்.